அம்மாவின் மல்லாட்டை உருண்டையும் ஒரு நாற்பது பக்க நோட்டும்

எங்கள் ஊர்ப் பக்கம் வந்திருக்கிறீர்களா? திண்டிவனத்தில் நிலக்கடலையை யாரும் கடலை என்று சொல்ல மாட்டார்கள். மல்லாட்டை என்றுதான் சொல்வோம். மணிலாக் கொட்டை என்பது தேய்ந்து தேய்ந்து மல்லாட்டை ஆகிவிட்டது. பெயருக்கு இது புளியங்காடு (திந்திரிணி வனம்தான் திண்டிவனம் ஆனதாம்), ஆனால் எங்களுக்குச் சோறு போடுவது மல்லாட்டைதான். விவசாயிகள் வாங்கும் விதையில் டி.எம்.வி. 7 என்று ஒரு ரகம் உண்டு. அந்த டி.எம்.வி. என்பது வேறொன்றுமில்லை, எங்கள் திண்டிவனம்தான்! இங்கே உள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தின் பெயரால் வந்தது. சரி, ஊர்ப் பெருமை போதும்.

அப்பா மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்குகிறார். லாரி வந்தால் கூலி, வராவிட்டால் இல்லை. அம்மா வீட்டிலேயே மல்லாட்டை உருண்டை, எள்ளுருண்டை பிடித்துக் கடைகளுக்குப் போடுகிறார். ஏழு வருடமாக நடக்கிறது. நான் விழுப்புரத்தில் பி.காம். படிக்கிறேன். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று பாசஞ்சர் ரயிலில் தினமும் போய் வருகிறேன். வீட்டில் தொழில் செய்கிறவர்களின் கடன் கவலையைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. யார் வீட்டுக் கதையையாவது எழுதுவதற்குப் பதில் எங்கள் வீட்டுக் கதையையே எழுதிவிடுகிறேன். அம்மாவிடம் அனுமதி வாங்கியாகிவிட்டது. ("எழுதிக்கோ, ஆனா பேரு போடாத" என்றார்.)

2024 கார்த்திகையில் இருந்து ஆரம்பிக்கிறேன். தீபத்துக்கு எங்கள் பக்கம் உருண்டை வியாபாரம் நன்றாக இருக்கும். திருவண்ணாமலை போகிற கூட்டம் வேறு செஞ்சி வழியாகத்தான் போகும். அந்த வருடம் தீபம் டிசம்பர் 13. ஒரு மாதம் முன்னாலேயே அம்மா சரக்கு வாங்கிப் போட்டுவிட்டார். கையில் பணம் இல்லை, ஆகவே தண்டல். பத்தாயிரம் என்று பேர், ஆயிரத்து ஐநூறு பிடித்துக்கொண்டு 8,500 தருவார்கள். நாளுக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும்.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் வந்தது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது என்று டிவியில் சொன்னார்கள். கடந்தது என்று சொன்னார்களே தவிர அது எங்கே கடந்தது, எங்கள் தலைக்கு மேலேயே உட்கார்ந்துகொண்டது! பக்கத்தில் மயிலத்தில் 24 மணி நேரத்தில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை. சராசரியாக எத்தனையோ நாள் பெய்ய வேண்டிய மழை ஒரே ராத்திரியில். வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். இரண்டு மூட்டை மல்லாட்டைப் பயிறு ஊறி உப்பிவிட்டது. வெல்லம் இருந்த இடத்தில் வெறும் சாக்கு மிதந்தது. அம்மா கட்டில் மேல் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே பாலத்தில் வெள்ளம் ஏறி டிசம்பர் 2 அன்று ரயிலும் நின்றுபோனது. அரசு ரேஷன் கார்டுக்கு 2,000 ரூபாய் நிவாரணம் கொடுத்தது. வந்த அன்றே அது மண்டிக்காரரிடம் போனது.

சரக்கு போனது ஒரு பக்கம். தண்டல்காரர் புயல் அன்றைக்கு மட்டும்தான் வரவில்லை. அடுத்த நாள் முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்துவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் வருவதற்குப் பதில் சிரிப்புதான் வந்தது.

பொங்கலுக்கு முந்தைய வாரம், ராத்திரி பதினோரு மணி இருக்கும். அப்பா தூங்கிவிட்டார். நான் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா உருண்டை பிடித்தபடியே சாதாரணமாகக் கேட்டார்: "குழுக் கடனுக்கு இன்சூரன்ஸ் இருக்காம்டா. ஆளு இல்லன்னா மீதி கட்ட வேணாமாமே, நெஜமா?"

நான் புத்தகத்தை மூடிவிட்டேன். அம்மா முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. உங்களில் சிலருக்கு நினைவிருக்கும், 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு நகைத் தொழிலாளி, கடன் தொல்லையில் மனைவி, மூன்று பெண் குழந்தைகளோடு இறந்துபோனார். மூன்று நம்பர் லாட்டரியில் பணத்தை விட்டிருந்தார். தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்தது 2003இல், ஆனாலும் அது திருட்டுத்தனமாக ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் செய்தி வந்தபோது நான் பள்ளிக்கூடப் பையன். அந்த ஆளைத் திட்டினேன். இப்போது அம்மா கேட்ட கேள்விக்குப் பிறகு அந்தச் செய்தி வேறு மாதிரி நினைவுக்கு வந்தது.

என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. "மொத்தம் எவ்ளோம்மா கடன்?" என்று மட்டும் கேட்டேன்.

"ஒன்ற லட்சம் இருக்கும்" என்றார்.

அன்றைக்குத்தான் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தேன். மூன்று வருடமாக டெபிட், கிரெடிட் என்று எழுதிக் கிழிக்கிறேன், வீட்டுக் கணக்கை ஒரு நாள் கூட எழுதியதில்லை (வெட்கமாகத்தான் இருக்கிறது). குழுக் கடன் இரண்டு. ஒன்றில் மீதி 28,000, இன்னொன்றில் 17,500. தண்டலில் மீதி 4,300. மண்டியில் 6,200. தாலிக்கொடி அடகில் 22,000. கூட்டிப் பார்த்தேன். 78,000. மறுபடியும் கூட்டினேன், அதே 78,000தான். அம்மா நம்பவில்லை. அவரே விரல் விட்டு எண்ணினார். அப்புறம் ஒரு பெருமூச்சு விட்டார் பாருங்கள், அது இன்னும் என் காதில் இருக்கிறது. எழுபத்தெட்டாயிரம் ஒன்றும் சின்னத் தொகை இல்லை. ஆனால் அம்மா ராத்திரி ராத்திரி பயந்துகொண்டிருந்தது அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்குக்கு!

அடுத்தது தண்டல். "ஆயிரத்து ஐநூறுதானே, பதினஞ்சு பர்சென்ட்" என்றுதான் தெருவில் எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் 8,500 முழுதாக நம் கையில் இருப்பது முதல் நாள் மட்டும்தான். தினமும் நூறு நூறாகத் திரும்பிப் போய்க்கொண்டே இருக்கிறது. சராசரியாகப் பார்த்தால் பாதிப் பணத்தைத்தான் நாம் பயன்படுத்துகிறோம், அதுவும் மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் மேல். ஒழுங்காகக் கணக்குப் போட்டால் வருடத்துக்கு 120 சதவீத வட்டி வருகிறது. நகைக் கடனை எல்லோரும் பயந்து பயந்து முதலில் அடைக்கப் பார்ப்பார்கள், கழுத்து காலியாக இருக்கிறதே என்று. உண்மையில் எங்கள் கடன்களிலேயே சாதுவானது அதுதான். தமிழ்நாட்டின் 2003ஆம் வருடத்து அதீத வட்டித் தடைச் சட்டத்தில் கந்துவட்டி, மீட்டர் வட்டியோடு தண்டல் என்ற சொல்லும் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. சட்டம் வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் தெருவுக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

ஆக முதலில் தண்டலை முடிப்பது என்று முடிவு. கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறி நான் சேர்த்து வைத்திருந்தது 1,800. அப்பா தான் வேலை செய்யும் மண்டியில் வட்டியில்லா முன்பணமாக 2,500 வாங்கி வந்தார். தண்டல்காரர் கார்டைக் கிழித்துப் போட்டபோது அம்மா அந்தத் துண்டுகளைப் பொறுக்கி அடுப்பில் போட்டார்!

குழுக் கடன் கதை வேறு. வங்கதேசத்தில் 1976இல் முகமது யூனுஸ் என்ற பேராசிரியர் ஜோப்ரா கிராமத்தில் 42 பேருக்கு 27 டாலர் கொடுத்து ஆரம்பித்த யோசனைதான் இது. 2006இல் நோபல் பரிசும் கிடைத்தது. நல்ல யோசனைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் 2010இல் ஆந்திராவில் வசூல் கெடுபிடி தாங்காமல் அரசே அவசரச் சட்டம் போட வேண்டி வந்தது. எங்கள் வீட்டில் இரண்டு குழுவுக்கும் சேர்த்து வாரம் 2,020. மாதக் கணக்கில் 8,700க்கு மேல். ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் முதல் கொண்டுவந்த விதிப்படி குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் கடன் தவணை போகக் கூடாது. எங்கள் வருமானமே 14,000தான். அப்படியென்றால் 7,000க்கு மேல் தவணை வரவே கூடாது. இரண்டாவது கடன் கொடுத்தவர்கள் முதல் கடனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை, அதையும் சொல்லத்தானே வேண்டும்.

அதே விதியில் இன்னொன்றும் இருக்கிறது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கடன்காரரைக் கூப்பிட்டுத் தொல்லை செய்யக் கூடாது. வசூலுக்கு வருகிறவர் ராத்திரி எட்டு மணிக்கு எங்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது இதை எடுத்துச் சொன்னேன். அவரும் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர்தான். "தம்பி, எனக்கும் டார்கெட் இருக்கு, பணம் இல்லாம போனா எனக்கு அங்க திட்டு" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் அடுத்த வாரத்தில் இருந்து சாயங்காலம் ஐந்தரைக்கு வந்தார். புகார் கொடுக்கலாம் என்று சொன்னேன். கட்டாய வசூலுக்கு எதிராக 2025இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்திருக்கிறது. அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "அவன் போயிடுவான்டா. நான் கட்டலன்னா மத்த பொம்பளைங்கதானே போட்டுக் கட்டணும். அவங்க மூஞ்சில எப்பிடி முழிக்கிறது?" குழுக் கடனின் சூட்சுமமே இதுதான். கடன் கொடுத்தவருக்கு யாரும் பயப்படுவதில்லை, எதிர் வீட்டு அக்காவுக்குத்தான் பயம்.

இனி உருண்டைக் கணக்கு. இதுதான் எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. பயிறு, வெல்லம், கேஸ், கவர் எல்லாம் சேர்த்து ஒரு கிலோ உருண்டைக்கு அடக்கம் 122 ரூபாய். (அம்மாவின் கூலியைச் சேர்க்கவில்லை, சேர்த்தால் கணக்கே எழுத முடியாது.) கடைக்குப் போடுவது 140. கிலோவுக்கு 18 ரூபாய் லாபம் என்றுதானே நினைப்போம்? பத்து கிலோ போட்டால் ஒரு கிலோ "போணி ஆவலக்கா" என்று திரும்பி வருகிறது. ஒன்பது கிலோவுக்குத்தான் காசு, 1,260. அடக்கம் 1,220. பத்து கிலோ உருண்டைக்கு மிச்சம் நாற்பது ரூபாய்! வாரம் 40 கிலோ பிடித்தார் அம்மா. கை சிவக்கச் சிவக்க, சூடு ஆறுவதற்குள் பிடிக்க வேண்டும், ஆறினால் உருண்டை நிற்காது. அவ்வளவுக்கும் வாரம் 160 ரூபாய். அந்த 160கூடக் கடைக்காரரின் "கணக்குல வெச்சுக்கோங்க"வில் நின்றுவிடும். சிறுதொழில் செய்கிறவர்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006இல் சட்டம் போட்டார்கள். பதிவு செய்துகொண்டால் அது நமக்கும் பொருந்தும். ஆனால் தெருமுனைக் கடை அண்ணாச்சியிடம் போய் சட்டம் பேசினால் அவர் ஒரு கடலை மிட்டாயை எடுத்து என் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்.

விலையை 160 ஆக்கலாம், திரும்ப எடுக்க மாட்டோம், கையில காசு வாயில தோசை என்றேன். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஏழு வருடப் பழக்கம், எப்படிப் போய்ச் சொல்வது என்று. பாதிக் கடைகள் வேண்டாம் என்றுவிட்டன. வாரம் 40 கிலோ 22 ஆனது. அம்மா அழவே ஆரம்பித்துவிட்டார், "எல்லாத்தையும் கெடுத்துட்ட" என்று. சனிக்கிழமை நோட்டை எடுத்துக் காட்டினேன். 22 கிலோவுக்கு மிச்சம் 836 ரூபாய். "தப்பாப் போட்டிருப்ப" என்றார். அப்பாவைக் கூப்பிட்டுக் கூட்டச் சொன்னார். பிறகு பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டார். பகலில் அம்மா படுத்து நான் பார்த்ததே இல்லை, காய்ச்சல் வந்தால் தவிர.

இப்போது விழுப்புரத்தில் இரண்டு டீக்கடைக்கு நானே ரயிலில் கொண்டுபோகிறேன். காலேஜ் பையில் அக்கவுண்டன்சி புத்தகமும் உருண்டை டப்பாவும் ஒன்றாக இருக்கும். நண்பர்கள் "உருண்டை" என்றே கூப்பிடுகிறார்கள். முதலில் கூச்சமாக இருந்தது, இப்போது அவர்களுக்கும் காசுக்குத்தான் கொடுக்கிறேன்.

அம்மாவின் அந்தக் கேள்வியைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்காத மாதிரி கடந்து போக முடியவில்லை. பத்து நாள் கழித்து, "அன்னிக்கு ஏம்மா அப்பிடிக் கேட்ட?" என்று கேட்டேன். "சும்மாதான்" என்றார். அப்புறம், "யார் கிட்டயாவது சொன்னா கொஞ்சம் எறங்குமேன்னு" என்றார். உங்கள் வீட்டில் யாராவது இப்படிச் 'சும்மா' கேட்டால் புத்தகத்தை மூடிவிட்டுப் பக்கத்தில் போய் உட்காருங்கள். பேசுவதற்கு ஆள் இல்லாவிட்டால் 104 அல்லது 14416க்குப் போன் செய்யலாம், தமிழில் பேசுவார்கள். நான் அந்த இரண்டு நம்பரையும் நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

17,500 கடன் முடிந்துவிட்டது. பெரியது இன்னும் ஓடுகிறது. தாலிக்கொடி இன்னும் வங்கியில்தான், அம்மா மஞ்சள் கயிற்றோடு இருக்கிறார். அடுத்த தீபத்துக்கு இரண்டு மூட்டை பயிறு வாங்க வேண்டும் என்கிறார். ஒரு மூட்டை போதும், அதையும் பரண் மேல் வைப்போம் என்கிறேன் நான். இந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. இதை எழுதும்போதுகூட அடுப்படியில் இருந்து குரல் வருகிறது, "ஒன்ற மூட்டையாவது வாங்கலாம்டா" என்று.