ஃபெரிட்டின் கூடியிருக்கிறது என்று பயந்த தம்பிக்கு

கும்பகோணம்
14.7.2024

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீ அனுப்பிய ரிப்போர்ட்டை வரி விடாமல் பார்த்தேன். ஃபோனில் பேசினால் பதற்றத்தில் நீ பாதியிலேயே வேறு எதையாவது கேட்பாய், நான் சொல்ல வந்தது விட்டுப்போகும். அதனால்தான் கடிதம். இத்தனை வருஷம் லேப்பில் வேலை பார்த்தவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நீயும் சாந்தியும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள்.

ஃபெரிட்டின் 612 என்று தடித்த எழுத்தில் போட்டு, பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறியும் போட்டிருக்கிறார்கள். அந்த லேப் ஆண்களுக்கு வைத்திருக்கும் எல்லை 30 முதல் 400 வரை. அதைப் பார்த்ததும் உடம்பில் இரும்பு ஏறிவிட்டது என்று நீயே முடிவு கட்டி, முருங்கைக்கீரையை நிறுத்தச் சொல்லி, இரும்பு தோசைக்கல்லையும் பரணில் ஏற்றிவிட்டாயாம். சாந்தி சொன்னாள். அவசரப்படாதே. ஃபெரிட்டின் கூடுவது வேறு, இரும்பு கூடுவது வேறு. இரண்டும் சேர்ந்து வரலாம். ஆனால் ஃபெரிட்டின் மட்டும் கூடி, இரும்பு அளவோடு இருப்பவர்கள்தான் அதிகம்.

நம் உடம்பில் இருக்கும் இரும்பு மொத்தமே மூன்று, நான்கு கிராம். அதில் பெரும்பங்கு ரத்தச் சிவப்பணுக்களில் இருக்கிறது. மிஞ்சியதைக் கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை எல்லாம் ஃபெரிட்டின் என்ற புரதக் கூட்டுக்குள் வைத்துக்கொள்கின்றன. ஒரு கூட்டில் சுமார் 4,500 இரும்பு அணுக்கள் வரை அடங்கும். தாத்தா வீட்டுக் கூடத்தில் நெல் கொட்டி வைத்த குதிர் ஞாபகம் இருக்கிறதா? நெல் நிறைந்து வழிந்தாலும் தரையில் சிந்தும். குதிரில் விரிசல் விட்டாலும் சிந்தும். ரத்தத்தில் நாங்கள் அளப்பது அப்படி வெளியே வந்த ஃபெரிட்டினைத்தான். அது ஏன் வந்தது என்பதை அந்த ஒரு எண் சொல்லாது.

இன்னொன்றும் உண்டு. கிருமி வளர இரும்பு வேண்டும். அதனால் உடம்பில் தொற்றோ அழற்சியோ வந்தால், கிருமிக்கு இரும்பு எட்டாதபடி உடம்பு அதைப் பதுக்குகிறது. ஃபெரிட்டினையும் கூடுதலாகச் செய்கிறது. 2020, 2021இல் கொரோனாவோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களுக்கெல்லாம் ஃபெரிட்டின் பார்த்தது இதற்காகத்தான். அழற்சி எந்த அளவில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அது ஒரு வழி. கல்லீரலில் கொழுப்பு சேர்ந்தாலும், குடிப்பழக்கம் இருந்தாலும், சர்க்கரை நோய், உடல் பருமன் இருந்தாலும் இந்த எண் ஏறும்.

எது காரணம் என்று பிரித்துப் பார்க்க, உன் ரிப்போர்ட்டில் இல்லாத ஒரு பரிசோதனை வேண்டும். டிரான்ஸ்ஃபெரின் என்பது ரத்தத்தில் இரும்பைச் சுமந்து போகும் புரதம். அதில் எத்தனை சதவீதம் இரும்பால் நிரம்பியிருக்கிறது என்று பார்ப்பதை டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் என்பார்கள். ரத்தத்தில் இருக்கும் இரும்பை (சீரம் அயர்ன்), ரத்தம் மொத்தமாகச் சுமக்கக்கூடிய இரும்பின் அளவால் (டி.ஐ.பி.சி.) வகுத்து 100ஆல் பெருக்கினால் அது கிடைத்துவிடும். பொதுவாக 20 முதல் 45 வரை இருக்கும். காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடு. சளி, காய்ச்சல் இருக்கும்போது போகாதே. நீயாக வாங்கிப் போட்டுக்கொள்ளும் அந்த மல்டிவைட்டமினில் இரும்பும் வைட்டமின் சியும் இருக்கின்றன. டாக்டரிடம் காட்டும்வரை அதை நிறுத்து.

சாச்சுரேஷன் 45க்கு மேல் வந்தால் இரும்பையே சந்தேகப்பட வேண்டும். நம் உடம்புக்கு மிகுதியான இரும்பை வெளியே தள்ளத் தனி வழி கிடையாது. நாளொன்றுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் உள்ளே போகும், அதே அளவு வெளியேறும். உள்ளே விடும் அளவைக் கட்டுப்படுத்துவது கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின். அது குறைந்துபோனால் இரும்பு வருஷக்கணக்கில் கல்லீரலிலும் இதயத்திலும் கணையத்திலும் படியும். பரம்பரையாக வரும் இந்த நோய்க்கு ஹீமோகுரோமடோசிஸ் என்று பெயர். இதன் முக்கியமான மரபணுவை 1996இல் கண்டுபிடித்தார்கள். வட ஐரோப்பிய வம்சாவளியினரிடம் அதிகம்; நம் ஊரில் மிக அரிது. அப்படியே இருந்தாலும் பயப்படாதே, வைத்தியம் இருக்கிறது. முறையாக ரத்தம் எடுப்பார்கள். ஒருமுறை 500 மில்லி எடுத்தால் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு குறையும். அதற்காக இப்போதே நீயாக ரத்த வங்கிக்குப் போய் நிற்காதே. காரணம் முதலில் தெரியட்டும்.

இனி நீ கவனிக்காமல் விட்ட வரிகளுக்கு வருகிறேன். அதே ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. 68. டிரைகிளிசரைடு 240. வெறும் வயிற்றுச் சர்க்கரை 112. இவற்றுக்குப் பக்கத்திலும் அம்புக்குறி இருக்கிறது. தெரியாத பெயரைப் பார்த்துப் பயந்த நீ, தெரிந்த பெயர்களைத் தாண்டிப் போய்விட்டாய். இவற்றையும் உன் 84 கிலோவையும் சேர்த்துப் பார்த்தால், கல்லீரலில் கொழுப்பு சேரும் ஃபேட்டி லிவராக இருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தீர்மானமாகச் சொல்ல வேண்டியவர் டாக்டர். அவரிடம் சாச்சுரேஷன், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., வயிற்று ஸ்கேன் மூன்றையும் பற்றிக் கேள். வாரக் கடைசியில் நண்பர்களோடு குடிப்பதையும் மறைக்காமல் சொல். அதைச் சொல்லாவிட்டால் அவர் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருப்பார்.

ஃபேட்டி லிவர் என்றே வந்தால், செய்ய வேண்டியது உன் கையில் இருக்கிறது. எடையில் நூற்றுக்கு ஏழு முதல் பத்து பங்கு குறைந்தால் கல்லீரல் நன்றாகத் தேறும். உனக்கு அது ஆறிலிருந்து எட்டு கிலோ. ராத்திரி சோற்றைக் குறை, கூல்டிரிங்க்ஸை விடு, தினமும் வேகமாக நட, குடியை அடியோடு நிறுத்து. கல்லீரலைச் சுத்தம் செய்கிறேன் என்று யாராவது பொடியோ கஷாயமோ விற்றால் வாங்காதே. அவற்றில் சிலதே கல்லீரலைக் கெடுத்துவிடும்.

முருங்கைக்கீரையைத் திரும்பச் சமைக்கச் சொல். கீரையில் இருக்கும் இரும்பில் கொஞ்சம்தான் உடம்பில் சேரும், அதனால் உன் எண் இப்படி ஏறியிருக்காது. அதை நிறுத்தினால் நஷ்டம் சாந்திக்கும் பாப்பாவுக்கும்தான். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. உனக்காக அவர்கள் தட்டில் இரும்பைக் குறைக்க வேண்டாம். சாந்திக்கும் ஒருமுறை ஹீமோகுளோபின் பார்த்துவிடு.

பயப்பட வேண்டாம் என்று சொன்னதை அலட்சியமாக இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளாதே. மூன்று மாதத்தில் ஃபெரிட்டினை மறுபடி பார்க்க வேண்டும். இடையில் அது 1,000ஐத் தாண்டினாலோ, கண் மஞ்சளித்தாலோ, கால் வீங்கினாலோ, தாமதிக்காமல் கல்லீரல் நிபுணரிடம் போ.

சாச்சுரேஷன் ரிசல்ட் வந்த அன்றே எனக்கு அனுப்பு. பரம்பரை நோய் என்று தெரியவந்தால் கூடப்பிறந்தவர்களுக்கும் அது இருக்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அப்படியானால் நானும் சின்னவனும் உடனே பரிசோதனை செய்துகொள்வோம். இது உன் ஒருவனுடைய கவலை இல்லை என்று தெரிந்துகொள். தனியாக உட்கார்ந்து மருகாமல், இந்த வாரமே டாக்டரைப் பார்.

அன்புடன்,
அக்கா