ஒரு அடி = ஒரு இஞ்ச்!

ஊரப்பாக்கத்துல இருந்து ஒரு நாள் ட்ரிப் போலாமா? வண்டலூர் வந்து கேளம்பாக்கம் ரூட்டைப் பிடிங்க. கிளாம்பாக்கம் இல்லை பாஸ், அது பஸ் ஸ்டாண்டு... இது கேளம்பாக்கம்! அங்கிருந்து கோவளம் போய், ஈ.சி.ஆரில் வடக்கே திரும்பினா முட்டுக்காடு. பையில ஒரு இஞ்ச் டேப்பும் நோட்டும் இருக்கட்டும். நாம வீடு பார்க்கப் போறோம்... பொம்மைக்கு!

முட்டுக்காட்டில் இருக்கிறது தட்சிணசித்ரா. 1996-ல் திறந்தாங்க. தென்னிந்தியாவின் பழைய வீடுகள் பலதை அப்படியே பிரிச்சு, கொண்டுவந்து, மறுபடி நிறுத்தியிருக்காங்க. செட்டிநாட்டு வீடு, அக்ரஹார வீடு, கேரள மர வீடு எல்லாம் ஒரே வளாகத்தில்! செவ்வாய்க்கிழமை லீவு, ஞாபகம் இருக்கட்டும்.

அங்கே இருப்பவங்ககிட்ட கேட்டுட்டு திண்ணை, தூண், கதவு எல்லாத்தையும் அளந்துக்கங்க. அப்புறம் வீட்டுக்கு வந்து 12-ஆல் வகுத்தா போதும். ஆறடி ஊஞ்சல், ஆறு இஞ்ச் ஆகிடும். உலகம் முழுக்க பொம்மை வீட்டுக்காரங்க பெரும்பாலும் வெச்சிருக்கிற கணக்கு இதுதான். நியூடெல்லியை டிசைன் பண்ணின எட்வின் லட்யென்ஸ், 1924-ல் இங்கிலாந்து ராணி மேரிக்குக் கட்டிக்கொடுத்த பொம்மை வீடும் இதே அளவுதான். அதில் லிஃப்ட் ஓடும், குழாயில் தண்ணி வரும்!

நமக்கு லிஃப்ட் வேணாம். ஜூஸ் ஸ்ட்ராவை நீளவாக்கில் பாதியா வெட்டி, செங்கல் கலர் அடிச்சா நாட்டு ஓடு ரெடி. ஊஞ்சல் சங்கிலிக்கு அறுந்துபோன கவரிங் செயின். அடுக்களைக்கு அம்மி, உரல், ஆட்டுக்கல்? சொப்பு சாமானைக் கிளறுங்க. நம்ம ஃப்ளாட்ல இல்லாத கிச்சன் முழுசா அதுக்குள்ளே இருக்கும்.

குடியிருக்க ஆள் வேணுமே... கொலுப் பெட்டியில் தூங்குற மரப்பாச்சி ஜோடியை எழுப்புங்க. அஞ்சரை இஞ்ச் உயரம்னா கச்சிதம். ஆனா, டிரஸ் பண்ணும்போது ஒரு இன்ஜினீயரிங் சிக்கல் வரும். அஞ்சரை மீட்டர் புடவை 46 சென்டிமீட்டரா சுருங்கிடும். துணியோட கனம் சுருங்காது! புதுப் பட்டைச் சுத்தினா பாட்டி போர்வை போர்த்தின மாதிரி நிப்பாங்க. துவைச்சுத் துவைச்சு நைஞ்ச மல் வேட்டிதான் பெஸ்ட். கஞ்சியில் நனைச்சு, கொசுவத்தை விரலால மடிச்சு, காயுற வரைக்கும் நூல் கட்டி வைங்க.

'இதெல்லாம் எதுக்கு?'னு கேட்டா, அதே ஈ.சி.ஆரில் தெற்கே மாமல்லபுரம் வரைக்கும் வாங்க. அஞ்சு ரதத்தில் சின்னதா நிக்கிற திரௌபதி ரதத்தைப் பாருங்க. கூரை வேய்ந்த குடிசையை, 7-ம் நூற்றாண்டில் ஒரே பாறையில் செதுக்கின காப்பி அது. அந்தக் காலத்துக் குடிசை ஒண்ணுகூட இன்னிக்கு இல்லை. காப்பி மட்டும் 1,300 வருஷத்துக்கு மேல நிக்குது!

இப்ப உங்க ஊருக்கு வருவோம். தாத்தா கட்டின ஓட்டு வீடு இன்னும் நிக்குதா? 'இடிச்சுட்டு மாடி கட்டிடலாம்'னு பேச்சு ஓடுதா? பெரியவங்க முடிவை நம்மால் மாத்த முடியாமப் போகலாம். ஆனா, முற்றம் எத்தனை அடி, நிலைப்படி எவ்வளவு உயரம், பாட்டி எந்த மூலையில் உட்கார்ந்து காய் நறுக்குவாங்கனு குறிச்சு வைக்க ஒரு மத்தியானம் போதும்.

ஜே.சி.பி வந்த பிறகு டேப்புக்கு வேலை இல்லை. அடுத்த லீவுக்கு ஊருக்குப் போறப்ப, சார்ஜரோட அந்த டேப்பையும் எடுத்து வெச்சுக்கங்க!