இழுப்பது மின்சாரம், தடுப்பது காற்று

2019 ஜூலையில் ஃபோர்டு நிறுவனம் ஒரு வீடியோ வெளியிட்டது. அப்போது சோதனை நிலையில் இருந்த மின்சார எஃப்-150 பிக்கப், பத்து ரயில் பெட்டிகளைத் தண்டவாளத்தில் இழுத்துக்கொண்டு போனது. பிறகு அந்தப் பெட்டிகளுக்குள் 42 பிக்கப் வண்டிகளை ஏற்றி மறுபடியும் இழுக்கவிட்டார்கள். மொத்தம் 12.5 லட்சம் பவுண்டு, ஏறத்தாழ 567 டன். விளம்பரம்தான் என்றாலும் பொய்யில்லை. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது தடை மிகக் குறைவு. மின் மோட்டாரோ நின்ற இடத்திலேயே தன் முழு முறுக்கு விசையையும் கொடுத்துவிடும். தென்காசி மாவட்டத்துச் செங்கோட்டைக்காரர்களுக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை. பகவதிபுரம் தாண்டி ஆரியங்காவு மலையில் 1904-ல் மீட்டர் கேஜ் ரயில் ஏறியது. 2018-ல் அது அகலப்பாதையானது. இன்று அதே மலையில் மின்சாரம் ரயிலை இழுக்கிறது.

டெக்ஸாஸ் நெடுஞ்சாலைக்கு வந்தால் கதை மாறுகிறது.

விடுமுறை வந்துவிட்டால் அங்கே பாதி ஊர் எதையாவது கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு கிளம்பிவிடும்: படகு, குதிரை ஏற்றும் டிரெய்லர், உள்ளேயே சமைத்துப் படுக்கிற கேம்பர். 2021-ல் ரிவியன், 2022-ல் ஃபோர்டு லைட்னிங், 2023 கடைசியில் டெஸ்லா சைபர்டிரக் என்று மின்சார பிக்கப்புகள் வரிசையாக வந்தன. நாலரை டன், ஐந்து டன் இழுக்கும் என்று நிறுவனங்கள் அறிவித்தன. இழுக்கவும் செய்கின்றன. எவ்வளவு தூரம் என்பதில்தான் சிக்கல்.

மோட்டார் டிரெண்ட் இதழ் 2022-ல் லைட்னிங்கில் வெவ்வேறு எடையுள்ள டிரெய்லர்களை மாட்டி ஓட்டிப் பார்த்தது. டிரெய்லர் இல்லாமல் 480 கிலோமீட்டர் என்று சான்று பெற்ற வண்டி அது. 1.4 டன் டிரெய்லரோடு அது 185 கிலோமீட்டர்தான் ஓடியது. 3.3 டன் டிரெய்லரோடு 145. எடை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியும், தூரம் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கே குறைந்தது. பேட்டரியைத் தின்றது எடையைவிட டிரெய்லரின் அகன்ற முகப்பு என்பது இதிலிருந்தே புரியும். வைக்கோல் லாரி ஓட்டியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: பாரம் குறைவுதான், ஆனால் வண்டியை முன்னே போகவிடாமல் காற்று பிடித்துக்கொள்ளும்.

வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். மணிக்கு 25 கிலோமீட்டரில் போகிற வண்டி 100-ல் போனால் தடை 16 மடங்கு. பெட்ரோல் பிக்கப்புக்கும் இதே கதிதான். ஆனால் அதில் 136 லிட்டர் வரை பிடிக்கும் டேங்க் உண்டு. குறையக் குறைய சில நிமிடங்களில் நிரப்பிக்கொள்ளலாம். லைட்னிங்கின் பெரிய பேட்டரியில் இருப்பது 131 யூனிட் மின்சாரம். பெட்ரோல் கணக்கில் அது வெறும் 15 லிட்டர். இந்தச் சின்ன இருப்பில் 480 கிலோமீட்டர் ஓடுவது மோட்டாரின் சிக்கனம். கேம்பர் மாட்டியதும் அந்த இருப்பின் சிறுமை வெளிப்பட்டுவிடுகிறது. போதாக்குறைக்கு, சார்ஜிங் நிலையங்களில் பெரும்பாலானவை கார் நிறுத்த மட்டும் இடம் விட்டுக் கட்டப்பட்டவை. டிரெய்லரைக் கழற்றி ஓரத்தில் விட்டுவிட்டு, சார்ஜ் ஏற்றி, திரும்ப வந்து மாட்ட வேண்டும். 2025 டிசம்பரில் ஃபோர்டு முழு மின்சார லைட்னிங்கையே நிறுத்துவதாக அறிவித்தது. அடுத்து வருவதில் பெட்ரோல் ஜெனரேட்டரும் உடன் இருக்குமாம்.

இதைக் கேட்டுவிட்டு, பாரம் இழுக்க மின்சாரம் ஆகாது என்று தென்காசியில் யாராவது முடிவு கட்டினால் அது பெரிய நஷ்டம். டெக்ஸாஸில் தோற்றது மின்சார இழுவையல்ல. மணிக்கு 110 கிலோமீட்டரில் ஒரு சிறு வீட்டையே இழுத்துப் போகிற பழக்கம்தான். நம்மூர் டிராக்டர் டிரெய்லர் அப்படி ஓடுவதில்லை. செங்கல், நெல் மூட்டை, எரு, மணல் என எதை ஏற்றினாலும் வயலுக்கும் ஊருக்கும் நடுவே சில கிலோமீட்டர், அதுவும் மெதுவாக. 2020 டிசம்பரில் சோனாலிகா அறிமுகம் செய்த டைகர் மின்சார டிராக்டரின் பேட்டரி 25.5 யூனிட், லைட்னிங்கில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கு. அதிகபட்ச வேகம் 24.93 கிலோமீட்டர். 2 டன் டிரெய்லரோடு எட்டு மணி நேரம் உழைக்கும் என்பது நிறுவனத்தின் கணக்கு. வயலில் அது குறையலாம். சரக்கை ஏற்றி இறக்குகிற நேரத்தில் எஞ்சின் சும்மா ஓடி டீசல் குடிப்பதும் இல்லை.

கேரளச் சரக்குக்கு வேறு கணக்கு. பாவூர்சத்திரம், சுரண்டை சந்தைகளிலிருந்து காய்கறி மேற்கே மலை தாண்டிப் போகிறது. குற்றாலச் சீசன் மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாகப் பாயும் காற்று அந்த வண்டிகளுக்கு நேர் எதிர். 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டியை 40 கிலோமீட்டர் வேகக் காற்று எதிர்த்தால், வண்டி உணர்வது 80. தடை நான்கு மடங்கு. சீசனில் தார்ப்பாயை இறுக்கிக் கட்டி, பாரத்தை உயர்த்தாமல் பரப்பி ஏற்றுவதே பேட்டரிக்குப் பாதுகாப்பு. குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டுவரும் அதே காற்றுதான் சுரண்டை, கயத்தாறு பக்கத்துக் காற்றாலைகளையும் சுழற்றுகிறது. ஆக, அந்த மாதங்களில் வண்டிக்கு மின்செலவு கூடும்போது மின்சார வரத்தும் கூடுகிறது.

இறக்கம்தான் மின்சாரத்தின் தனிப் பலம். 2024 பிப்ரவரியில் கேரளத்திலிருந்து தூத்துக்குடிக்கு பிளைவுட் ஏற்றி வந்த லாரி, புளியரை எஸ் வளைவுக்கு அருகே தண்டவாளத்தில் விழுந்தது. அங்கே குடியிருந்த முதிய தம்பதி டார்ச் விளக்கோடு ஓடி ரயிலை நிறுத்தினார்கள். அரசு அவர்களுக்கு 5 லட்சம் ரூபாய் பரிசளித்தது. அந்த விபத்தின் காரணம் எதுவோ. பாரத்தோடு அந்த வளைவில் இறங்குவது என்றைக்குமே கத்திமேல் நடப்பதுதான். மின்சார வண்டி இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி வேகத்தைப் பிடித்து நிறுத்துகிறது. பிரேக் சூடேறுவது குறைகிறது. பத்து டன் வண்டி நூறு மீட்டர் உயரம் இறங்கினால் 2.7 யூனிட் அளவுக்கு ஆற்றல் வெளிப்படும். அதில் பெரும்பகுதி பேட்டரிக்குத் திரும்பும். ஒரு நிபந்தனை: உச்சியிலேயே பேட்டரி நிறைந்திருந்தால் அதை வாங்கிக்கொள்ள இடமிருக்காது. மலை மேல் முழு சார்ஜ் ஏற்றாமல் இறங்க வேண்டும்.

டிரெய்லருக்கும் பிரேக் வேண்டும். டெக்ஸாஸில் 4,500 பவுண்டுக்கு, அதாவது சுமார் 2 டன்னுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். நம்மூரில் எத்தனையோ டிராக்டர் டிரெய்லர்கள் பிரேக்கும் பின்விளக்கும் இல்லாமல் இரவில் ஓடுகின்றன. மின்சார டிராக்டர் வாங்குகிறவர் முதல் செலவாக டிரெய்லருக்கு இவ்விரண்டையும் பொருத்த வேண்டும்.

மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் மின்சார லாரிகளுக்கு 2025 ஜூலை முதல் ஒரு வண்டிக்கு 9.6 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. ஆனால் அது 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு மட்டும். குட்டி யானை எனப்படும் சிறு சரக்கு வண்டியும் டிராக்டரும் அந்த வரம்புக்குள் வரவில்லை. பெரிய ஆலைகளின் லாரிகளுக்குக் கிடைக்கிற உதவி, சுரண்டைச் சந்தைக்குக் கத்தரிக்காய் கொண்டுவருகிற வண்டிக்கும், வடகரை வயலில் நெல் இழுக்கிற டிராக்டருக்கும் கிடைத்தாக வேண்டும். சந்தை வாசலில், டிரெய்லரைக் கழற்றாமலே நுழைந்து வெளியேறுகிற மாதிரி ஒரு சார்ஜிங் நிலையமும் வேண்டும்; அமெரிக்கா அந்த வசதியை இப்போதுதான் அங்கங்கே சேர்க்கத் தொடங்கியிருக்கிறது.