மேலே ஒன்று, கீழே ஐந்து

மில்டன் கீன்ஸ், மே மாதம்

திங்கள்

மகளும் மாப்பிள்ளையும் வேலைக்கு, பேரன் பள்ளிக்கூடத்துக்கு. பகல் முழுக்க நானும் என் மனைவியும்தான். சாப்பாடு முடிந்து இரண்டு மணிக்கு மேல் சேனல் ஃபோரில் ‘கவுண்ட்டவுன்’ வரும். பென்ஷன்காரர்கள் பார்க்கும் நிகழ்ச்சி என்று மாப்பிள்ளை கிண்டல் செய்கிறார். நாங்கள் யாராம்?

1982 நவம்பர் 2-ஆம் தேதி அந்தச் சேனல் பிறந்த அன்று முதன்முதலில் ஒளிபரப்பான நிகழ்ச்சியே இதுதான். ரிச்சர்ட் வைட்லி 2005-இல் இறக்கும்வரை நடத்தினார். அதன்பிறகு நடத்துநர் நாற்காலியில் ஆள் மாறிக்கொண்டே இருக்கிறது. எண்களை எடுத்து வைக்கும் இடம் அப்படியில்லை. 2008 வரை கரோல் வோர்டர்மன், 2009-இலிருந்து ரேச்சல் ரைலி. முதல் வெற்றிக்குப் பரிசு ஒரு டீப்பாட். நம் ஊர் நிகழ்ச்சிகளில் கோடி கோடியாக அள்ளிவிடுவதைப் பார்த்தவனுக்கு இந்த டீப்பாட் ரொம்பப் பிடித்துப்போயிற்று. பணம் இல்லாத இடத்தில் ஆட்டம் ஆட்டமாகவே இருக்கிறது.

எழுத்துச் சுற்று பத்து, எண் சுற்று நான்கு, கடைசியில் ஒரு குழம்பிய சொல். எனக்கு அந்த நான்குதான் நிகழ்ச்சி, மற்றதெல்லாம் விளம்பர இடைவேளை மாதிரி.

எண் சுற்றில் இருபத்து நான்கு பலகைகள் கவிழ்ந்திருக்கும். மேல் வரிசையில் நான்கு: 25, 50, 75, 100. கீழே இருபது: 1 முதல் 10 வரை, ஒவ்வொன்றும் இரண்டு தடவை. போட்டியாளர் மேலே இத்தனை, கீழே இத்தனை என்று கேட்டு ஆறு பலகை வாங்கிக்கொள்வார். கணினி 101-இலிருந்து 999-க்குள் ஓர் எண்ணைக் காட்டும். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், இந்த நான்கை மட்டும் வைத்து முப்பது விநாடிக்குள் அந்த எண்ணைக் கொண்டுவர வேண்டும். ஒரு பலகையை ஒரு தடவைதான் தொடலாம், ஆறையும் தொட்டே ஆகவேண்டும் என்றில்லை. வழியில் பின்னம் வரக்கூடாது. அச்சாக வந்தால் பத்துப் புள்ளி, ஐந்துக்குள் தள்ளிப் போனால் ஏழு, பத்துக்குள் என்றால் ஐந்து.

மேல் வரிசையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாலணா, எட்டணா, பன்னிரண்டணா, ஒரு ரூபாய்! அணா போய் நயா பைசா வந்த பிறகும் எங்கள் தெருக் கடைகளில் காலும் அரையும் முக்காலுமாகத்தான் பேச்சு. 75-ஆல் பெருக்கு என்றால் இங்கே போட்டியாளர்கள் பேனாவை எடுக்கிறார்கள். நூறால் பெருக்கி, அதில் காலைத் தள்ளினால் தீர்ந்தது.

செவ்வாய்

எழுத்துச் சுற்றில் நான் வாயே திறப்பதில்லை. ஒன்பது எழுத்தைக் கொட்டிவிட்டு நீளமான ஆங்கிலச் சொல் கேட்கிறார்கள். அகராதி மூலையில் சூசி டென்ட் அம்மையார் 1992-இலிருந்து உட்கார்ந்திருக்கிறார். எட்டெழுத்துச் சொல்லை எடுத்துப் போட்டு, அது எந்த நூற்றாண்டில் எப்படிப் பிறந்தது என்று கதையும் சொல்கிறார். என் ஆங்கிலம் முப்பத்தைந்து வருஷம் வங்கிக் கவுண்ட்டரில் வளர்ந்த ஆங்கிலம். அதில் ஆக நீளமான சொல் ‘வித்ட்ராயல்’. அதற்கோ பத்து எழுத்து!

எண்ணுக்கு அந்தத் தகராறு இல்லை. எண்கள் வந்து விழும் நொடியில் ஸ்டூடியோவில் இருப்பவரும் சோபாவில் இருப்பவரும் சரிசமம். தாய்மொழி, படித்த புத்தகம், வளர்ந்த ஊர் எதுவும் கைகொடுக்காது, காலை வாராது. எல்லோரிடமும் அதே ஆறு எண்கள், அதே முப்பது விநாடி.

இன்று வந்தவை 75, 9, 4, 7, 2, 3. கொண்டுவர வேண்டியது 683. ஆலன் ஹாக்‌ஷா போட்ட அந்தக் கடிகார இசை தொடங்கியது. ஒன்பது எழுபத்தைந்து 675. பாக்கி எட்டு. நாலும் இரண்டும் கையில் இருக்கிறது, நாலிரண்டு எட்டு. “ஆச்சு!” என்றேன். இசை பாதிகூட ஓடவில்லை. போட்டியாளர்களில் ஒருவர் 682 என்றார். எழுபது எண்பது வயதுக்காரர்கள் நாடு முழுக்க அந்த நேரத்தில் டிவியைப் பார்த்துக் கத்தியிருப்பார்கள்.

வியாழன்

பக்கத்து வீட்டு ஆங்கிலேயப் பாட்டியம்மாவும் விடாமல் பார்க்கிறார். இங்கே வீடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன, அவருக்குக் காதும் மந்தம், ஆகவே கடிகார இசை சுவர் வழியாக எங்கள் கூடத்துக்கு வருகிறது. வேடிக்கை என்னவென்றால், அவர் வீட்டில் கூரை ஆன்டெனா, எங்கள் வீட்டில் இன்டர்நெட் வழி. எங்களுக்குப் படம் அரை நிமிடத்துக்கு மேல் பின்தங்கி வருகிறது. அவர் வீட்டில் நேரம் முடிந்து மணி அடித்த பிறகுதான் எங்கள் திரையில் எண்களே விழும். இன்று காலை குப்பைத் தொட்டியை வெளியே தள்ளும்போது, “நேற்று மூன்றாவது உங்களுக்கு வந்ததா?” என்று கேட்டார். வந்தது என்றேன். “எனக்கும்தான்” என்றார். அவர் முகத்தில் ஒரு சந்தேகம். என் முகத்திலும் அது தெரிந்திருக்கும்.

வீட்டில் ஆடுவதில் இதுதான் சிக்கல். ஸ்டூடியோவில் நேரம் முடிந்ததும் எந்த எண் வந்தது என்று முதலில் அறிவிக்க வேண்டும், வழியை அப்புறம்தான் சொல்ல வேண்டும். அறிவித்துவிட்டு வழியில் இடறினால் புள்ளி கிடையாது. தாளில் எழுதாமல் மனசிலேயே வைத்திருப்பவர் “எழுதவில்லை” என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அப்படியானால் அவரைத்தான் முதலில் சொல்லச் சொல்வார்கள், மற்றவர் வழியைக் காதில் வாங்கிக்கொண்டு தன்னுடையது என்று சொல்லிவிடக் கூடாதே. எவ்வளவு நுணுக்கமான ஏற்பாடு! சோபாவில் இதெல்லாம் ஏது? விடை திரையில் வந்ததும், “அட, அதைத்தான் நானும் நெனைச்சேன்” என்று சொல்லாத மனிதர் உண்டா? வீட்டு ஆட்டத்துக்கு எதிராளி தேவையில்லை. சாட்சிதான் தேவை.

எனக்கு வாய்த்த சாட்சி என் மனைவி, பிளஸ் டூ தேர்வறையில் கண்காணிப்பாளராக நின்று பழகிய தமிழாசிரியை. இசை நின்ற மறுநொடி, “சொல்லுங்க, எத்தனை?” என்பாள். வாயில் எண் வராவிட்டால் பூஜ்யம். சாயங்காலம் மாப்பிள்ளை அதே நிகழ்ச்சியை ஆப்பில் போட்டுப் பார்ப்பதுண்டு. நேற்று அவர் பதினைந்தாவது விநாடியில் ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினார். டீ குடிக்கத்தானாம்.

“மாப்பிள்ளை, டீயை அப்புறம் குடிக்கலாம். ஓட விடுங்க” என்றாள்.

“இல்ல அத்தே, சும்மா…”

ஓட விட்டார். விடை வரவில்லை.

சனி

இன்று நிகழ்ச்சி இல்லை. மாப்பிள்ளை யூடியூபில் 1997-ஆம் வருஷத்துத் துண்டு ஒன்றைக் காட்டினார். இந்த ஆட்டத்தில் இதைவிடப் பேர்போன சுற்று இல்லை என்றார். ஒரு போட்டியாளர் மேல் வரிசை நான்கையும் வாங்கியிருக்கிறார்: 25, 50, 75, 100. கீழிருந்து 3, 6. வந்த எண் 952.

படத்தை நிறுத்தச் சொல்லி நானும் போட்டுப் பார்த்தேன். அவள் மணி பார்த்தாள். ஆறு மூன்று பதினெட்டு, ஐம்பதால் பெருக்க 900, எழுபத்தைந்தைக் கூட்டி இருபத்தைந்தைத் தள்ள 950. இரண்டு குறைவு, ஏழு புள்ளி. பெரும்பாலோர் இங்கே வந்து நின்றுவிடுவார்கள்.

அந்த மனிதர் சொன்ன வழி இது. நூறும் ஆறும் 106. மூன்றால் பெருக்க 318. அதை எழுபத்தைந்தால் பெருக்கினார்! 23,850. அரங்கமே சிரிக்கிறது, வர வேண்டியது மூன்றிலக்க எண், இவர் இருபத்து மூன்றாயிரத்தில் நிற்கிறார். ஐம்பதைக் கழித்து 23,800. இருபத்தைந்தால் வகுத்தால் 952.

வேகத்தைப் பார்த்து எல்லோரும் வாய் பிளக்கிறார்கள். எனக்கு வேகத்தைவிட அந்த 25 தான் பெரிதாகப் பட்டது. ராத்திரி படுத்தபடி பிரித்துப் பார்த்தேன். அவருக்கு உண்மையில் தேவைப்பட்டது 318-ஐ மூன்றால் பெருக்கி 954, அதில் இரண்டு குறைக்க 952. மூன்று வேண்டுமென்றால் 75-ஐ 25-ஆல் வகுக்கலாம். இரண்டு வேண்டுமென்றால் 50-ஐ 25-ஆல் வகுக்கலாம். ஆனால் பலகையில் 25 ஒன்றுதானே இருக்கிறது? ஆகவே வகுத்தலைக் கடைசிக்குத் தள்ளிப்போட்டு, ஒரே வகுத்தலில் இரண்டு வேலையையும் முடித்துவிட்டார். ஒரு பலகையை ஒரு தடவைதான் தொடலாம் என்ற விதி அப்படியே இருக்கிறது, 25 மட்டும் இரண்டு இடத்தில் உழைத்துவிட்டது. முப்பது விநாடியில் ஒருவருக்கு இது தோன்றியிருக்கிறது.

இன்னொரு வழியும் உண்டு. 103-ஐ ஆறால் பெருக்கி 618. எழுபத்தைந்தால் பெருக்கி ஐம்பதால் வகுத்தால் ஒன்றரை மடங்கு, 927. இருபத்தைந்தைக் கூட்டினால் 952. வழவழவென்று போகிற பாதை. ஆனாலும் என் ஓட்டு அந்த முதல் வழிக்குத்தான்.

அதற்கு நேர்மாறானது கீழ் வரிசையிலிருந்தே ஆறையும் கேட்பது. கெட்ட நேரத்துக்கு 1, 1, 2, 2, 3, 3 என்று வந்துவிட்டால்? எப்படி உருட்டினாலும் 81-ஐத் தாண்டாது. இலக்கோ 101-க்குக் கீழே கிடையாது. பத்துக்குள் நெருங்கக்கூட வழியில்லை, இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்து இசை கேட்கலாம். அப்படி வந்து நான் பார்த்ததில்லை, பார்க்க ஆசை.

இந்த ஆட்டத்துக்குப் பூர்வீகம் பிரான்ஸ். அர்மான் ஜாமோ என்பவர் 1965-இல் சொல்விளையாட்டாகத் தொடங்கினார். 1972-இல் ‘எண்களும் எழுத்துகளும்’ என்று பெயர் சூட்டினார்கள். “நம்மளும் எண்ணைத்தானே முன்னால சொல்றோம்” என்றாள் தமிழாசிரியை. அவளுக்குத் திருப்தி.

திங்கள்

பாங்க் ஹாலிடே. வங்கியின் பெயரால் தேசமே லீவு போடுகிற ஊர் இது. முன்னாள் வங்கி ஊழியனுக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்?

செவ்வாய்

பேரனுக்கு இந்த வாரம் முழுக்க அரைப்பருவ விடுமுறை, நேரலையில் எங்களோடு உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு ஜூனில் வாய்ப்பாட்டுத் தேர்வு. இங்கிலாந்தில் நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 2022-இலிருந்து அது கட்டாயம்: கணினியில் இருபத்தைந்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஆறு விநாடி, பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரை. நாங்கள் பதினாறு வரை ஒப்பித்தோம் என்று ஆரம்பித்தேன். “தாத்தா, ஸ்ஸ்ஸ், நம்பர் வந்தாச்சு” என்றான்.

100, 8, 8, 5, 3, 1. இலக்கு 819.

என் கண் நேராக ஒன்பதுக்குப் போனது. எட்டும் ஒன்றும் ஒன்பதும் பதினெட்டு, ஆக ஒன்பதால் வகுபடும். இது லெட்ஜர் காலத்துப் பழக்கம். கணினி வருவதற்கு முன் ராத்திரி ஒன்பது மணிக்கும் பேலன்ஸ் டேலி ஆகாமல் உட்கார்ந்திருப்போம். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால், யாரோ 63-ஐ 36 என்று இடம் மாற்றி எழுதிவிட்டார்கள் என்று சந்தேகப்பட்டுத் தேடுவோம். பாதி நாள் அகப்படும். அதிலிருந்து எந்த எண்ணைப் பார்த்தாலும் இலக்கங்களைக் கூட்டிப் பார்க்கும் வியாதி. பஸ் நம்பரைக்கூட விடுவதில்லை. 819 என்றால் ஒன்பது தொண்ணூற்றொன்று. எட்டும் ஒன்றும் ஒன்பது. நூறிலிருந்து இன்னொரு ஒன்பதைத் தள்ள வேண்டும். எட்டில் ஐந்து போக மூன்று, மும்மூன்று ஒன்பது. வந்துவிட்டது.

“எத்தனை?” என்றாள் அவள்.

“எண்ணூத்திப் பத்தொம்போது. எழுதலை.”

“எயிட் நைன்டீன். எழுதியிருக்கேன்” என்றான் பேரன். என்னை முதலில் சொல்லச் சொன்னாள். சொன்னேன். அவன் முகத்தைச் சுளித்தான். “எதுக்கு தாத்தா இவ்ளோ? எயிட் ஹன்ட்ரட். எட்டு மூணு இருபத்தி நாலு. அஞ்சைக் கழி.”

இரண்டு பேருக்கும் பத்து.

நிகழ்ச்சி முடிந்தும் அவன் விடவில்லை. பழைய காலண்டர் தாளைக் கிழித்துப் பலகை செய்தான். மேலே நான்கும் வேண்டும் என்று பிடிவாதம். கீழிருந்து 9, 2 எடுத்தான். இலக்குச் சொல்லக் கணினி இல்லை. “அகராதியைத் தொறக்கிறேன், எந்தப் பக்கம் வருதோ அதுதான் இலக்கு” என்று அவள் தன் தமிழ் அகராதியை மடியில் வைத்துப் பிரித்தாள். 702.

நான் இலக்கங்களைக் கூட்டத் தொடங்கினேன். ஏழும் இரண்டும்…

“ஒம்போது எழுபத்தஞ்சு அறுநூத்தி எழுபத்தஞ்சு. போன வாரம் நீங்க போட்டதுதான். இருபத்தஞ்சும் ரெண்டும் சேர்த்துக்கோங்க” என்றாள். “எழுதலை.”

“அம்பயர் ஆடக்கூடாது பாட்டி!” என்று பேரன் குதித்தான். “நீங்க நம்பரைப் பார்த்துட்டுத்தானே பக்கத்தைத் தொறந்தீங்க?”

இல்லை என்றாள். மடியில் வைத்துத் திறந்ததால் நாங்கள் யாரும் பார்க்கவில்லை.