குருதி சொன்ன சேதி

அறுபதைத் தாண்டியவர்களுக்கும் பரீட்சைப் பெறுபேறு உண்டு. அதுதான் குருதிப் பரிசோதனை அறிக்கை. சென்ற கிழமை எமக்கும் ஒன்று வந்தது. கொலஸ்ரரோல் அளவாகவே இருந்தது; வீட்டிலே சிறிது பெருமையும் பேசிக்கொண்டோம். வைத்தியரோ வேறொரு வரியிலே விரலை வைத்தார். அது சி-றியாக்ரிவ் புரதமாம்.

1930 ஆம் ஆண்டில் நியூயோர்க்கிலே நியூமோனியா நோயாளரின் குருதியில் இனங்காணப்பட்ட பொருள் அது. உடலில் எங்கேனும் அழற்சி உண்டாயின் ஈரல் அதனைச் சுரக்கும். வெறும் தடிமன் காய்ச்சலுக்கும் அது ஏறுமாகையால், ஒரே அளவைக் கண்டு நடுங்க வேண்டியதில்லை. ஆயினும், கொழுப்புப் படிந்த குருதிக் குழாயின் சுவரிலும் அழற்சி உண்டு. இருதயத்துக்கும் இதற்கும் உள்ள உறவு அதுவே.

அமெரிக்காவில் நலமாயிருந்த 27,939 பெண்களின் குருதியை ஒருமுறை சோதித்துவிட்டு, 30 ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்து கவனித்தனர். 2024 இல் வெளியான முடிவின்படி, கெட்ட கொலஸ்ரரோல், பரம்பரையாக வரும் லிப்போபுரதம்-ஏ, இப்புரதம் ஆகிய மூன்றும் தனித்தனியே ஆபத்தை முன்னறிவித்தன. மூன்றும் ஒருங்கே உயர்ந்திருந்தோருக்கே ஆபத்து மிகுதி.

எம் தந்தையார் மாரடைப்பால் மறைந்த அன்று, "நேற்றுவரை நன்றாக இருந்தாரே!" என்று ஊரார் அரற்றினர். நாமும் அப்படியே நம்பியிருந்தோம்.

இரண்டு கிழமை கழித்து மீண்டும் ஊசிக்குக் கை நீட்டவேண்டும். தடிமன் இல்லாத நாளாகப் பார்த்து.