நிற்கத் தெரிந்தவர் மேலே போகலாம்

ஞாயிறு, குல்மார்க்

ஸ்ரீநகரிலிருந்து 50 கிலோமீட்டர்தான். ஆனாலும் தங்மார்க்கில் இறக்கிவிட்டு வேறு வண்டியில் ஏற்றிவிட்டார்கள். மிச்சமிருக்கும் 13 கிலோமீட்டர் மலைப்பாதையில், பனிக்காலத்தில் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டிய வண்டியோ நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியோதான் ஏறும். தமிழ்நாட்டு ப்ரீபெய்டு சிம் விமான நிலையத்திலேயே செத்துப்போனது. வெளிமாநிலத்து சிம்களில் போஸ்ட்பெய்டு மட்டுமே காஷ்மீருக்குள் பேசும். வருகிறவர்கள் வீட்டிலேயே இதற்கு ஏற்பாடு செய்துகொண்டு வரவேண்டும்.

குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தொட்டபெட்டா உச்சி 2,637. நம் நீலகிரியின் உச்சியைவிடக் கொஞ்சம் உயரமான இடத்தில் இங்கே கால்பந்து ஆடும் அளவுக்குச் சமவெளி! மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. முதல் நாள் வேறெதுவும் செய்யாமல் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிடுவது நல்லது. அறையில் புகாரி அடுப்பு எரிகிறது. அக்கா மகன் (மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன்) ஜன்னலோரம் நின்று, மலைமேல் போகும் கோண்டோலா ரோப்காரின் கம்பியையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

“மாமா, ரெண்டாவது ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டு அங்கேருந்து போர்டுலயே இறங்கிடலாம்ல?”

“முதல்ல நிக்கக் கத்துக்கடா” என்றேன். சிரித்தான்.

இந்த ஊருக்குப் பனிச்சறுக்கு வந்து ஏறக்குறைய நூறு வருஷம் ஆகிறது. 1927இல் வெள்ளைக்கார ராணுவ அதிகாரிகள் இங்கே ஸ்கீ கிளப் தொடங்கினார்கள். 1948இல் ஜெனரல் திம்மையா படைவீரர்களுக்காக ஒரு ஸ்கீ பள்ளி ஆரம்பித்தார். அதுதான் வளர்ந்து இன்றைய உயர்மலைப் போர்ப் பள்ளி. பெய்ஜிங்கில் 2022இல் நடந்த குளிர்கால ஒலிம்பிக்குக்கு இந்தியாவிலிருந்து போன ஒரே வீரர் ஆரிஃப் கான் இந்தப் பக்கத்துப் பையன். அப்பா இங்கே ஸ்கீ கடை வைத்திருந்தார். நாலு வயதிலேயே பலகை ஏறியவர்.

திங்கள்

பனியைத் தொடுவதற்கு முன் ஒரு காலைப்பொழுது முழுக்க வாடகைக் கடையில் போனது. எங்கள் பயிற்சியாளர் கூடவே வந்தார். வந்தது நல்லதாய்ப் போயிற்று.

ஸ்கீ பூட் கெட்டிப் பிளாஸ்டிக், கணுக்காலை அசையவிடாது. அதைப் போட ஒரு முறை இருக்கிறது. முழங்கால்வரை வரும் மெல்லிய கம்பளி சாக்ஸ் ஒன்றே ஒன்று போதும். குளிருக்குப் பயந்து இரண்டு போட்டால் மடிப்பு விழும், ரத்த ஓட்டம் தடைபடும், கால் இன்னும் சில்லிடும். காலை நுழைத்ததும் குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னுக்குத் தள்ள வேண்டும். நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்சுவரை லேசாகத் தொடவேண்டும். முழங்காலை மடக்கி முன்னே சாய்ந்தால் விரல் விலகிக்கொள்ள வேண்டும். அப்போது குதிகால் மேலே எழும்பவே கூடாது. கடைப் பையன் எனக்கு ஒரு அளவு பெரிதாகக் கொடுத்து, “சௌகரியமா இருக்கும் சார்” என்றான். போட்டுப் பார்த்தால் உண்மையிலேயே சௌகரியம். பயிற்சியாளர் கழற்றச் சொல்லிவிட்டார். பூட்டுக்குள் கால் நழுவினால் கால் சொல்வது பலகைக்குப் போய்ச் சேராதாம்.

அடுத்தது பைண்டிங். ஸ்கீ பூட்டைப் பலகையோடு பிடித்துக்கொள்கிற கவ்வி இது. விழும்போது தானாகத் திறந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் முழங்கால் திருகிக்கொள்ளும். எந்த அழுத்தத்தில் திறக்க வேண்டும் என்பதற்கு அதில் ஒரு எண் உண்டு. எடை, உயரம், வயது, பூட்டின் அடிநீளம், ஆடுபவரின் திறமை எல்லாம் பார்த்து வைக்கிற எண் அது. கடையில் என் எடையை யாரும் கேட்கவில்லை. முன்பு எடுத்துப்போனவருக்கு வைத்த எண்ணிலேயே நீட்டினார்கள். பயிற்சியாளர் ஸ்க்ரூடிரைவர் வாங்கித் தானே குறைத்து வைத்தார். வாடகைக்கு எடுக்கும் யாரும், எண்ணை எனக்கேற்ப வைத்தீர்களா என்ற இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் கடையை விட்டு வெளியே வராதீர்கள். புதியவர்களுக்குப் பலகை மோவாய்க்கும் மூக்குக்கும் நடுவே வந்தால் போதும். நீளப் பலகை வேகம் எடுக்கும்.

ஜீன்ஸ், பருத்திப் பனியன் இரண்டும் கூடாது. நனைந்தால் உலராது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே வியர்வை தங்காத துணி, நடுவில் கம்பளி, வெளியே தண்ணீர் புகாத சட்டையும் பேன்ட்டும் கையுறையும். புதுப்பனி மேலே விழும் புறஊதாக் கதிரில் 80 சதவீதம்வரை திருப்பி அனுப்பும். அதனால் சன்ஸ்கிரீனை மோவாய்க்கு அடியிலும் தடவ வேண்டும்.

ஹெல்மெட் வேண்டாம், முடி கலைகிறது என்றான் மாப்பிள்ளை. நான் நடாஷா ரிச்சர்ட்சன் கதையைச் சொன்னேன். ஆங்கில நடிகை. 2009 மார்ச்சில் கனடாவின் மோன் ட்ரெம்ப்ளான் மலையில், தொடக்கநிலைச் சரிவில், பயிற்சி வகுப்பில் விழுந்தார். ஹெல்மெட் போட்டிருக்கவில்லை. எழுந்து பேசினார், நடந்தார், ஒன்றுமில்லை என்றார். மண்டைக்குள் ரத்தம் கசிந்து இரண்டு நாளில் இறந்துபோனார். தலையில் அடிபட்டால் வலிக்கிறதோ இல்லையோ, டாக்டரிடம் போய்விட வேண்டும். மாப்பிள்ளை பேசாமல் ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டான்.

செவ்வாய்

இன்றைக்குத்தான் பனியில் கால் வைத்தோம். கோடையில் கோல்ஃப் மைதானமாக இருக்கும் புல்வெளியின் ஓரச் சரிவு. கைக்கோல்களை வாங்கி ஓரமாக வைத்துவிட்டார் பயிற்சியாளர். முதலில் ஒரே காலில் பலகை, சமதரையில் நடை. பிறகு இரண்டு பலகையையும் சரிவுக்குக் குறுக்கே வைத்துப் பக்கவாட்டில் ஒவ்வொரு அடியாக மேலே ஏறுவது. பத்து மீட்டர் ஏறுவதற்குள் உள்சட்டை நனைந்துவிட்டது. குளிர் விளையாட்டு என்று யார் சொன்னார்கள்?

அடுத்து, விழப் பழகினோம். வேகம் கைமீறினால் தாழ்ந்து பக்கவாட்டில் இடுப்பைப் பனியில் இறக்க வேண்டும். கையை ஊன்றக் கூடாது. சறுக்கிக்கொண்டிருக்கும்போதே எழப் பார்க்கவும் கூடாது. நின்ற பிறகு இரண்டு பலகையையும் உடம்புக்குக் கீழ்ப்பக்கம் கொண்டுவந்து, சரிவுக்குக் குறுக்கே ஒன்றுக்கொன்று இணையாக வைத்துக்கொண்டு எழுந்தால் பலகை ஓடாது. பலகை பள்ளத்தைப் பார்த்திருந்தால் எழுந்த மறுகணம் ஓடத் தொடங்கிவிடும். பக்கத்தில் ஒருவர் பலமுறை எழுந்து பலமுறை உட்கார்ந்தார். பலகையைத் திருப்பி வைக்க அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

பிறகு பிரேக். பலகைகளின் முன்நுனிகளைக் கிட்டே வைத்து, பின்பக்கத்தை அகட்ட வேண்டும். உலகமெங்கும் குழந்தைகளுக்குச் சொல்வதைப் போலவே எங்களுக்கும் பீட்சாத் துண்டு என்றுதான் சொன்னார்கள். அகட்ட அகட்ட உள்விளிம்புகள் பனியைச் சுரண்டும், வேகம் குறையும்.

கேட்க எளிது. உடம்புதான் கேட்காது. சரிவைக் கண்டதும் பயத்தில் முதுகு பின்னால் போகிறது. பின்னால் சாய்ந்தால் பலகையின் முன்பாதியில் எடை இருக்காது. எடை இல்லாத பலகை சொன்ன பேச்சு கேட்காமல் பிய்த்துக்கொண்டு ஓடும். கணைக்கால் பூட்டின் முன்நாக்கை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். கைகள் முன்னால், கண்ணுக்குத் தெரிகிற இடத்தில். பார்வை போக வேண்டிய இடத்தில். காலைக் குனிந்து பார்த்தால் காலடியிலேயே விழுவோம். “மலைப் பக்கம் சாயாதீங்க சார், பள்ளத்துப் பக்கம் சாயுங்க” என்று நாள் பூராவும் ஹிந்தியில் கத்திக்கொண்டிருந்தார். பயப்படுகிற திசையில் சாய்ந்தால்தான் கட்டுப்பாடு வரும் என்பதை மூளை ஒரு நொடியில் ஒப்புக்கொள்கிறது. இடுப்பு ஒப்புக்கொள்ளச் சாயங்காலம் ஆகிவிட்டது.

புதன்

இன்று மாப்பிள்ளையின் நாள். ஸ்னோபோர்டில் இரண்டு காலும் ஒரே பலகையில், பக்கவாட்டில் நிற்க வேண்டும். இடதுகால் முன்னால் வந்தால் ரெகுலர், வலதுகால் வந்தால் கூஃபி. எது தனக்கு வரும் என்று தெரியாதவரைப் பின்னாலிருந்து லேசாகத் தள்ளிப் பார்க்கிறார்கள். தடுமாறி எந்தக் காலை முன்னே வைக்கிறாரோ அதுதான்.

பயிற்சியாளர்கள் பொதுவாகச் சொல்வது இது: ஸ்கீயில் முதல் நாட்கள் சுலபம், தேர்ச்சிக்கு நெடுங்காலம். போர்டில் முதல் நாட்கள் நரகம், அதைத் தாண்டினால் வேகமாக வசப்படும். நரகத்தைக் கண்ணால் பார்த்தேன். குதிகால் விளிம்பிலோ கால்விரல் விளிம்பிலோதான் பலகை நிற்கும். கீழ்ப்பக்க விளிம்பு தெரியாமல் பனியைத் தொட்டுவிட்டால் போதும், முன்னறிவிப்பே இல்லாமல் ஆளைத் தூக்கி அடிக்கும். மாப்பிள்ளை உட்கார்ந்த இடத்தை இரவு தடவிக்கொண்டிருந்தான்.

ஸ்கீயில் முழங்காலும் கட்டைவிரலும் அடிபடும், போர்டில் மணிக்கட்டு. விழும்போது விரித்த கையை ஊன்றுவதால் வருவது. முஷ்டியை மூடி, முன்கையில் விழப் பழகச் சொன்னார்கள். மணிக்கட்டுக் காப்பு கிடைத்தால் தயங்காமல் மாட்டிக்கொள்ள வேண்டும். ஐம்பதைத் தாண்டிய என்னைப் போன்றவர்களுக்கு ஸ்கீ. விழுந்து எழ அலுக்காத இளசுகளுக்கு எதுவானாலும் சரி. இரண்டையும் ஒரே பயணத்தில் தொடுவது வீண்.

வியாழன்

கோண்டோலாவில் மேலே போனோம். முதல் கட்டம் கோங்டூரி, 3,000 மீட்டருக்குச் சற்று மேலே. இரண்டாவது கட்டம் அபர்வத் மலைத்தோள், 3,900 மீட்டருக்கும் மேல். புறப்படும்போது மாப்பிள்ளை போர்டையும் கையில் எடுத்தான்.

“டிக்கெட் எடுத்தாச்சு மாமா.”

பயிற்சியாளருக்குத் தமிழ் தெரியாது. கை போர்டின் மேல் இருந்ததைப் பார்த்தே புரிந்துகொண்டார். “டிக்கெட் ஏறுவதற்கு சார். இறங்குவதற்கு யாரும் டிக்கெட் விற்பதில்லை” என்றார். போர்டு கீழேயே நின்றது.

மேலே போனதும் காரணம் தெரிந்தது. அங்கே வழவழவென்று இயந்திரத்தால் அமுக்கிய பாதை இல்லை. திறந்த மலை, தொடை ஆழத் தூள்பனி, கீழே தெரியாத ஓடைகள். அதைத் தேடித்தான் ஐரோப்பாவிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் முதுகில் மண்வாரி, பனியைக் குத்திப் பார்க்கும் நீளக் கம்பி. மார்பில், புதைந்தால் இருக்குமிடம் காட்டும் கருவி. குல்மார்க் ஸ்கீ காவல் அணி பனிச்சரிவு அபாயம் பற்றி அறிக்கை தருகிறது. அனுபவசாலிகள் அதைப் படித்துவிட்டே கிளம்புகிறார்கள். 2010 பிப்ரவரியில் பக்கத்துக் கிலன்மார்க்கில் பனிச்சரிவு 17 ராணுவ வீரர்களைக் கொண்டுபோனது. பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த படையினர் அவர்கள். 2023 பிப்ரவரியில் அபர்வத்தில் போலந்துக்காரர்கள் இருவர் இறந்தார்கள். அப்படிப்பட்ட மலையில் பீட்சாத் துண்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பார்த்தோம், படம் எடுத்தோம், கஹ்வா குடித்தோம், கோண்டோலாவிலேயே இறங்கினோம்.

வெள்ளி

கீழ்ச்சரிவில் பரீட்சை மாதிரி ஒன்று. பயிற்சியாளர் கோலை நட்டு, “இங்கே நிற்க வேண்டும்” என்பார். அதைத் தாண்டி நின்றால் தேறவில்லை. இடமும் வலமும் திரும்ப வேண்டும். விழுந்தால் யார் கையையும் பிடிக்காமல் எழ வேண்டும். குறுக்கே ஆள் வந்தால் ஒதுங்க வேண்டும். நான்கும் வந்தவரைத்தான் கோங்டூரிச் சரிவுக்கு அழைத்துப்போவார். எனக்குத் திரும்புவது ஒரு பக்கம்தான் சரியாக வருகிறது. நாளைக்குக் கோங்டூரி இல்லை. மாப்பிள்ளைக்கும் இல்லை.

உலக ஸ்கீ கூட்டமைப்பு 1967இலேயே பத்து விதிகள் வகுத்திருக்கிறது. தொடக்கக்காரருக்கு மூன்று போதும். முன்னால், கீழே போகிறவருக்கே வழி. மேலிருந்து வருகிறவர்தான் விலக வேண்டும். இடுக்கிலும் மேட்டுக்கு மறைவிலும் நிற்கக் கூடாது. கிளம்புமுன் மேலே ஒரு பார்வை. குல்மார்க்கில் நான்காவதாக ஒன்று சேர்த்துக்கொள்ளலாம்: சறுக்குவண்டி இழுப்பவர்களும் செல்ஃபி எடுப்பவர்களும் சரிவின் நடுவில்தான் இருப்பார்கள். அவர்களுக்கு விதி தெரியாது.

நாலு மணிக்குத் தொடை நடுங்கியது. இன்னும் ஒரே ஒரு ரவுண்டு என்று மாப்பிள்ளை கெஞ்சினான். களைத்த கால் சொன்னபடி கேட்காது. கடைசி ரவுண்டில்தான் எலும்பு முறிகிறது என்று சொல்லி முடித்துவைத்தார்கள்.

சனி, ஸ்ரீநகர்

கற்க நினைப்பவர்களுக்காக மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். டிசம்பர் 21இல் தொடங்கும் 40 நாள் கடுங்குளிருக்குச் சில்லை கலான் என்று பெயர். அது முடிந்த பிப்ரவரி புதியவர்களுக்குத் தோது: பனி படிந்திருக்கும், குளிரின் கடுமை தணிந்திருக்கும். ஆனால் பனியை நம்ப முடியாது. 2024 ஜனவரியில் பல வாரம் குல்மார்க் வெறும் காய்ந்த புல்லாகக் கிடந்தது. ரத்து செய்யக்கூடிய டிக்கெட்டாகப் போடுங்கள். மத்திய சுற்றுலாத் துறையின் பயிற்சி நிலையம் குல்மார்க்கில் வகுப்பு நடத்துகிறது. உத்தரகாண்டின் ஔலியில் கட்வால் மண்டல் விகாஸ் நிகம் நடத்துகிறது. தனிப் பயிற்சியாளரை வைத்தால் மணிக்கணக்கா நாள்கணக்கா, கருவி வாடகை சேர்த்தா என்று முதலிலேயே பேசிவிடுங்கள். காப்பீட்டில் பனி விளையாட்டு உண்டா என்று படித்துப் பாருங்கள். பல பாலிசிகளில் இருக்காது. கிளம்ப இரண்டு மாதம் முன்பே தினமும் தோப்புக்கரணம் போடத் தொடங்குங்கள். தொடையில் பலமில்லாதவருக்கு எந்தப் பயிற்சியாளரும் உதவ முடியாது.

நண்பர்கள் கற்றுத்தருகிறேன் என்றால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். முதல் நாட்களுக்காவது காசு கொடுத்துப் பயிற்சியாளரை வைத்துக்கொள்ளுங்கள். சொன்ன இடத்தில் நிற்க வராதவரை, எவ்வளவு பெரிய டிக்கெட் கையில் இருந்தாலும், பலகையோடு மேலே ஏறாதீர்கள்.