கணக்கப்பிள்ளையின் ஆங்கிலப் பெயர்

1761இல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து செஞ்சிக் கோட்டையைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், தமிழ்ச் சொற்களையும் விட்டுவைக்கவில்லை. செஞ்சியே அவர்கள் நாவில் ‘ஜிஞ்சி’ ஆயிற்று. பாளையக்காரர் ‘பாலிகர்’ ஆனார். சாவடி ‘சோல்ட்ரி’ ஆயிற்று. கணக்கப்பிள்ளையோ ‘கானிகோபோலி’ என அடையாளம் தெரியாமல் உருமாறினார்; கேட்போர் அதனை ஏதோ கிரேக்க நகரம் என்றே எண்ணுவர்!

இத்தகைய சொற்களை யூல், பர்னெல் என்னும் இருவர் திரட்டி ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்னும் அகராதியாக்கினர். தஞ்சாவூரில் நீதிபதியாக விளங்கிய பர்னெல் 1882இல் மறைந்தார். நூல் வெளிவந்ததோ 1886இல்.

மிளகுத்தண்ணீர் ‘மல்லிகட்டானி’யாக இன்றும் ஆங்கிலேயர் உணவுமேசையில் வாழ்கிறது. ‘கானிகோபோலி’ அகராதியோடு நின்றுவிட்டது. செஞ்சிக் கோட்டையின் நெற்களஞ்சியம் இன்றும் உறுதியாக நிற்கிறது. அத்தகைய களஞ்சியங்களுக்குக் கணக்கெழுதியவரின் பெயர் தமிழிலும் அருகி வருகிறது.